மெயில் வந்தா மணி அடிக்கணும்ல?

போன மாசம் எங்க அக்கா பையனுக்கு ஒரு இன்டர்வியூ கைநழுவிப் போச்சு. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனி. அஞ்சு மணிக்குள்ள பதில் போடணும்னு காலைல 11 மணிக்கே மெயில் அனுப்பிட்டாங்க. இவன் போன் மூச்சு விடல. ராத்திரி எதுக்கோ ஜிமெயிலைத் திறந்தப்பதான் வந்து விழுந்திருக்கு. "பொதட்டூர்பேட்டைல எங்க மாமா சிக்னல் கிடைக்குது"ன்னான். அதே நாள் முழுக்க வாட்ஸ்அப் மட்டும் டிங் டிங்னு அடிச்சிட்டுதான் இருந்துச்சு!

விவசாயிக்கு இது புரியாத விஷயமில்ல. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரன்ட் வந்துருச்சான்னு முன்னெல்லாம் ராத்திரி டார்ச்சோட பம்ப்செட் ரூமுக்கு நடையா நடப்போம். இப்ப செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டினா கரன்ட் வந்ததும் அதுவே கூப்பிட்டுச் சொல்லுது.

மெயிலும் அப்படித்தான். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போய் சர்வர்ல கேட்டா அது ஃபெட்ச். வந்ததும் சர்வரே சொன்னா அது புஷ். ஆண்ட்ராய்டு போன் கூகுளோட ஒரு இணைப்பை எப்பவும் திறந்தே வெச்சிருக்கும். எல்லா ஆப்புக்கும் அந்த ஒரே வழிதான், அதனால பேட்டரி அதிகம் குடிக்காது. ஐபோனுக்கு ஆப்பிள் இதே மாதிரி சேவையை 2009ல கொண்டு வந்துச்சு.

அப்புறம் ஏன் லேட்டாகுது? 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6லேர்ந்து, சார்ஜ் போடாம, ஸ்கிரீன் அணைஞ்சு, அசையாம கிடக்கற போன் தூங்கப் போயிடும். அவசரம்னு குறிச்சு வர்றது மட்டும்தான் உடனே எழுப்பும். அதுக்கு மேல போன் கம்பெனிங்க தங்க பங்குக்கு, அதிகம் தொடாத ஆப்பை அமுக்கி வெச்சிடறாங்க. பையனோட போன்ல பாத்தேன். வாட்ஸ்அப் முழிச்சிருக்கு, ஜிமெயில் தூங்குது.

செட்டிங்ஸ்ல ஆப்ஸ், ஜிமெயில், பேட்டரின்னு போய் கட்டுப்பாட்டை எடுத்து விட்டேன். ஜிமெயில் உள்ள சின்க் ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. ஐபோன்காரங்க ஜிமெயிலை ஆப்பிளோட மெயில் ஆப்ல சேத்திருந்தா அது ஃபெட்ச்தான். உடனே வேணும்னா ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கணும்.

நகரத்துல ஆள் எடுக்கற இடத்துல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை. கிராமத்துப் பசங்க வாட்ஸ்அப் பாக்கற அளவுக்கு மெயில் பாக்கறதில்ல, அதனாலேயே போன் அதைத் தூங்க வெச்சிடுது. சாயந்தரத்துக்குள்ள பதில் வேணும்னா, மெயிலோட ஒரு போனும் போட்டுடுங்க.