மண்ணீரல் இல்லாதவர்

1984இல் பெரியப்பாவின் கழுத்தில் நெறி கட்டியது. எடுத்துச் சோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று தெரிந்தது. 1832இல் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்நோயை விவரித்தபோதே நிணநீர்க் கணுக்களோடு மண்ணீரலையும் சேர்த்துத்தான் எழுதினார். நோய் கழுத்தோடு நின்றதா, வயிற்றுக்கும் இறங்கிவிட்டதா என்பதே சிகிச்சையை முடிவுசெய்யும் கேள்வி. அன்றைய ஸ்கேன்களை நம்பி மண்ணீரலைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஆகவே வயிற்றைத் திறந்து, மண்ணீரலை எடுத்து, நறுக்கிப் பார்ப்பார்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பரவிய முறை. பெட் ஸ்கேனும் மேம்பட்ட மருந்துகளும் வந்த பின் அது வழக்கொழிந்துவிட்டது. பார்ப்பதற்காகவே ஓர் உறுப்பை இழப்பது இன்று விசித்திரமாகத் தோன்றலாம்.

பெரியப்பா கடலூரில் தமிழாசிரியர். "அப்பருக்கு வந்த சூலை திருவதிகையிலேயே தீர்ந்துபோச்சு. நமக்கு எழும்பூர் வரைக்கும் போகவேண்டியிருக்கு" என்று சிரித்தபடி அறுவைக்குப் போனார். மண்ணீரலில் நோய் இல்லை.

புண் ஆறியபின் சென்னையில் கதிர்வீச்சு. சனிக்கிழமைகளில் மீட்டர்கேஜ் ரயிலில் கடலூர் வருவார். ஆய்வகத்தில் ரத்த அணுக்களை எண்ணுவார்கள். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் கையால் எண்ணிய காலம். கதிர் எலும்பு மஜ்ஜையையும் சுடும். எண்ணிக்கை சரிந்தால் சிகிச்சை நின்றுவிடும். தட்டணுக்களைப் பற்றிக் கவலை எழவில்லை. அவற்றில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மண்ணீரல் தன்னிடம் இருத்திக்கொள்ளும். அது போனபின் எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வெள்ளையணு 2,400க்கு இறங்கிய ஒரு வாரம் மட்டும் கதிர்வீச்சை நிறுத்திவைத்தார்கள். பால்கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் பெரியம்மா எல்லாவற்றையும் குறித்துவந்தார்.

நோய் திரும்பவில்லை. மிஞ்சியது காய்ச்சலைப் பற்றிய அச்சம். நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். அது இல்லாதவருக்குக் காலையில் நடுக்கம் கண்டால் மறுநாளைக்குள் உயிர் போய்விடக்கூடும்.

ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் குடியேறியிருந்தார்கள். 1997 மார்கழியில் ஓரிரவு அந்த நடுக்கம் வந்தது. ஃப்ளூதான், மாத்திரை போட்டுத் தூங்கட்டும் என்றார் மருத்துவர். பெரியம்மா நகரவில்லை. "இவருக்கு மண்ணீரல் எடுத்தாச்சு சார். ஊசி போடாம நான் இங்கேருந்து போகமாட்டேன்." போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழத் தொடங்கியது. வீடு திரும்பப் பத்து நாளாயிற்று.

2009இல் ஏதோ ஒரு சோதனைக்காக ரத்தம் கொடுத்திருந்தார். சிவப்பணுக்களுக்குள் சிறு கரும்புள்ளிகள். மண்ணீரல் இருந்தால் களைந்திருக்கும் உட்கருத் துணுக்குகள். ஹோவெல்-ஜாலி துகள்கள் என்பார்கள். ஆய்வகப் பெண் வெளியே வந்து, "ஐயா, உங்களுக்கு மண்ணீரல் இல்லையா?" என்றாள்.

"கண்டுபிடிச்சிட்டியேம்மா!" என்று மகிழ்ந்து, பெரியப்பா 1984இலிருந்து சொல்லத் தொடங்கினார். வரிசையில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள்.