மூணு நாவல், ஒரு சம்சாரியோட அபிப்பிராயம்

அறுவடை முடிஞ்சு கோடை மழைக்குக் காத்திருக்கிற நாள்கள்ல மூணு நாவல் படிச்சேன். விமர்சனம் எழுதுற அளவுக்கு இலக்கியம் தெரியாது. பட்டதைச் சொல்றேன்.

முதல்ல சோ. தர்மனோட 'சூல்'. 2019-ல சாகித்திய அகாதெமி விருது வாங்கினது. உருளைக்குடிங்கிற ஊரோட கண்மாய்தான் கதாநாயகன். கரம்பை அள்ளுறது, மடை திறக்கிறது, தண்ணி பங்கிடுறதுன்னு ஒவ்வொரு வேலையும் அதோட முறை மாறாம வருது. வேலை தெரிஞ்ச கை எழுதினதுன்னு சம்சாரிக்குச் சட்டுனு புரிஞ்சிரும்.

குறைன்னா, பழைய காலத்தை எழுதுறப்போ இருக்கிற பொறுமை சுதந்திரத்துக்குப் பிந்தின பகுதியில இல்லை. கதை போய் மேடைப் பேச்சு வந்துருது. அந்தப் பழைய ஒழுங்கும் எனக்கு ஒருபடி கூடுதல் அழகாத் தெரிஞ்சுது. எங்க ஊர்லயும் நீர்பாய்ச்சி இருந்தார். கடைமடை வரைக்கும் தண்ணி போச்சு, உண்மைதான். ஆனா ராத்திரியெல்லாம் கரையைக் காத்த மனுஷனுக்குக் கிடைச்சது களத்துல அள்ளிப்போட்ட நெல்லு மட்டும். அவர் மகன் திருப்பூருக்குப் போனதுல எனக்குத் தப்பே தெரியலை. இப்ப மடைக்கு ஆள் இல்லை. மோட்டார் வச்சிருக்கிறவன் பிழைக்கிறான், கடைமடை தரிசாக் கிடக்கு. இது ரெண்டையும் ஒண்ணாச் சொல்ற நாவலைத் தேடிக்கிட்டிருக்கேன்.

அடுத்தது பெருமாள்முருகனோட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. நோஞ்சான் குட்டியைக் கிழவி தேத்துற ஆரம்பப் பக்கங்கள் அருமை. ஆட்டுக்குக் காது குத்திக் கணக்குல சேர்க்கிற அரசாங்கம் இதுல வருது. சிரிச்சுக்கிட்டே படிச்சேன். எங்க வீட்டு மாட்டுக் காதுலயும் 12 இலக்க எண்ணோட மஞ்சள் தோடு தொங்குதே! ஆட்டோட ஏக்கத்தை மனுஷப் பாஷையில நீட்டி எழுதுற இடங்கள் மட்டும் ஒட்டலை. படிச்ச மறுவாரம் ரெண்டு கிடாயைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். விலை பேசுறப்போ அந்தக் கிழவி நினைப்பு வந்துச்சு. ஆனாலும் வித்துட்டேன். மகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டணும்.

மூணாவது இமையத்தோட 'செல்லாத பணம்'. இதுக்கும் சாகித்திய அகாதெமி விருது உண்டு, 2020-ல. வயல் வரப்பைத் தேடி இதைப் படிக்கக் கூடாது. வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டுறவரைக் கட்டிக்கிட்ட பொண்ணு தீயில வெந்து ஆஸ்பத்திரியில கிடக்கு. வெளியில பெத்தவங்க பணத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பேச்சும் புலம்பலும் திரும்பத் திரும்ப வருது, ரெண்டு தடவை மூடி வச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா, ஆஸ்பத்திரி வராண்டாவுல ஜனங்க அப்படித்தான பேசுறாங்க?

"மண்வாசனையோட ஒரு நாவல் சொல்லுங்க"ன்னு பட்டணத்து நண்பர்கள் கேக்குறாங்க. இனிமே இதைத்தான் சொல்லுவேன். பொண்ணு யாரைக் கட்டிக்கிறாங்கிறதை வச்சுக் குடும்ப மானத்தை அளக்கிறதும் இந்த மண்ணோட வாசனைதான்.

நான் கீழ வச்சதும் வீட்டுக்காரி எடுத்துப் படிச்சா. முடிச்சுட்டு, "நாளைக்கு நம்ம மக ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நின்னா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டா.

நாலு நாளாச்சு. இன்னும் பதில் சொல்லலை.