ஒலெரோன் தீவில் ஒரு வாரம்

பிரான்சில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வெளிநாட்டு மாணவருக்குக் கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் அதில் அடங்கும். நீ யார், இங்கே எதற்காக இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் அந்தக் கோப்புதான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை யாரும் கேட்காத ஒரு வாரம் எனக்குக் கிடைத்தது. கோட்பாட்டுக் கணினியியல் வசந்தகாலப் பள்ளியில் கழித்த வாரம் அது.

'எபிட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பள்ளியை 1973இல் தொடங்கியவர் மொரீஸ் நிவா. ஐரோப்பியக் கோட்பாட்டுக் கணினியியல் சங்கத்தை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். 1975இல் இத்துறைக்கென்றே ஓர் ஆய்விதழையும் நிறுவினார். பள்ளியின் பொருளும் ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் பள்ளி பிரனீஸ் மலையில் இருக்கும் பொனாஸ்கரில் நடந்தது. 1984இல் மோன்-தோரில் முடிவிலிச் சொற்களை, அதாவது முடிவில்லாத எழுத்து வரிசைகளை, படிக்கும் தானியங்கிகள் என்னும் கணித இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். 1988இல் ரமத்துயேலில் முடிவுறு தானியங்கிகளைப் பற்றி. அந்தப் பாடங்கள் நூல்களாக அச்சாகி, இன்றும் ஆய்வாளர்களின் அலமாரிகளில் இருக்கின்றன.

நான் போனது அட்லாண்டிக் கரையோரம் உள்ள ஒலெரோன் தீவுக்கு. 1966இல் திறந்த நீண்ட பாலம் ஒன்று தீவைக் கரையோடு சேர்க்கிறது. கடல் வற்றும் நேரத்தில் சேற்று வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. பழைய உப்பளங்கள் பல இப்போது சிப்பிக் குட்டைகள். தேசிய ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ். ஊழியர்களுக்கான விடுமுறை இல்லத்தில் எங்களுக்குத் தங்குமிடம்.

காலையில் விரிவுரை, பிற்பகலில் பயிற்சிக் கணக்குகள், மாலையில் மாணவர்களின் சிற்றுரைகள். ஆனால் பள்ளி உண்மையில் நடப்பது சாப்பாட்டு மேசையில்தான். பாடப்புத்தகத்தில் பெயர் பார்த்த பேராசிரியர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்காருவார். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 'சார்' என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பழகாத எனக்கு முதலில் நாக்கு எழவில்லை. அங்கே மரியாதை வேறு விதமாக வெளிப்படுவதைப் பிறகு கண்டேன். மாணவர் கேட்கும் கேள்வியை இடையில் வெட்டாமல் முழுவதும் கேட்கிறார்கள். விடை தெரியாவிட்டால் 'தெரியாது' என்று கரும்பலகை முன்னாலேயே சொல்கிறார்கள். எந்த ஊர் என்று என்னை விசாரிப்பதற்கு முன், எந்தச் சிக்கலில் வேலை செய்கிறாய் என்றுதான் எல்லாரும் விசாரித்தார்கள்.

ஓர் இரவு, சாப்பாடு முடிந்ததும் யாரோ நிவா ஊகத்தைப் பலகையில் எழுதினார்கள். முதலில் இரு பக்கமும் முடிவில்லாமல் நீளும் ஓர் எழுத்து வரிசை. அதில் அடுத்தடுத்து வரும் n எழுத்துகளை மட்டும் காட்டும் சன்னலை நகர்த்திக்கொண்டே போகிறோம். ஏதோ ஒரு n-க்கு, தெரியும் வெவ்வேறு துண்டுகள் n-க்கு மேல் போகாவிட்டால் அந்த வரிசை திரும்பத் திரும்ப வந்தே தீரும். இதை மோர்ஸும் ஹெட்லண்டும் 1938இல் நிறுவினார்கள். நிவா 1997இல் பொலோனியாவில் இதையே தளத்துக்குக் கொண்டுபோனார். வண்ணக் கட்டங்கள் நிறைந்த முடிவில்லாத தரையை m-க்கு n சன்னல் வழியாகப் பார்க்கிறோம். தெரியும் வெவ்வேறு காட்சிகள் m பெருக்கல் n-ஐத் தாண்டாவிட்டால், ஏதோ ஒரு திசையில் அந்தத் தரை தன்னையே திருப்பிக் காட்டும் என்றார். வரம்பு அதில் பாதியாக இருந்தால் இது மெய் என்று சைரும் கிராவும் 2015இல் காட்டினார்கள். காரியும் சபாடோஸும் வேறு பக்கத்திலிருந்து நெருங்கினார்கள். முழு ஊகத்துக்கு இன்னும் நிறுவல் இல்லை.

தரையும் வடிவமும் என்றதும் நான் தாம்பரத்தைப் பற்றிப் பேசினேன். அங்குள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் அணி இலக்கணங்களை, அதாவது கட்டங்களில் வடிவங்களை அடுக்கும் விதிகளை, பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாசலில் பெண்கள் புள்ளி வைத்து இழை இழுக்கும் முறையில் துல்லியமான விதிகள் இருப்பதைக் கணினியியலின் மொழியில் எழுதிக் காட்டிய வேலை அது. இத்தகைய விதிகளில் இன்னொரு வகையான புதிர் இலக்கணங்களைப் பற்றி 1991இல் வந்த கட்டுரையில் ராணி சிரோமணியின் பெயரோடு நிவாவின் பெயரும் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே தாம்பரத்துக்கும் பாரிசுக்கும் இடையே வழி போட்டிருந்தார்கள்.

பலகையில் ஒரு சிக்குக்கோலம் போட்டுக் காட்டினேன். இது எந்தப் பண்டிகைக்கு என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் கேட்டதெல்லாம் வேறு: இது ஒரே இழையா? புள்ளி வரிசையில் ஒன்றைக் கூட்டினால் எத்தனை இழையாகும்? எந்தப் புள்ளி அமைப்புக்கு ஒற்றை இழை வரும்? அயல்நாட்டு விழாக்களில் நம் கோலத்தை அழகுப் பொருளாகப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே அதைச் சிந்தனையாக மதித்து, அதனோடு வாதாடினார்கள். அம்மாவும் பாட்டியும் செய்துவந்த வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் வெளிநாட்டில் கண்டதில்லை. நள்ளிரவைத் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

குடியேறிய நாட்டில் நமக்கு உரிமை எப்போது வருகிறது என்று பலரும் பல விதமாகச் சொல்வார்கள். மொழி வந்த பிறகு என்பார்கள், குடியுரிமை வந்த பிறகு என்பார்கள். விடை தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தபோது எனக்கு அது வந்தது. தீராத கேள்வி எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. அதன் முன்னால் விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒன்றுதான்.

இப்படி ஒரு கேள்வியின் முன்னால் சேர்ந்து உட்காரக் கடல் கடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையிலேயே சென்னைக் கணிதக் கழகமும் கணித அறிவியல் நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து 'ரிலாக்ஸ்' என்ற கூட்டு ஆய்வகத்தை நடத்துகின்றன. மாவட்டக் கல்லூரிகளில் கணிதமும் கணினியியலும் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நன்றாகக் கேள்வி கேட்கும் மாணவர்களை இத்தகைய பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் கல்லூரியிலேயே ஆண்டுக்கு ஒரு வாரம் நடத்துங்கள். மதிப்பெண்ணும் தேர்வும் வேண்டாம். ஒரு கரும்பலகை, எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஒரு மேசை, இன்னும் யாரும் விடை காணாத ஒரு கேள்வி: தொடங்குவதற்கு இவை போதும்.