சொல்லுக்குக் கூலி

(ஒரு பழைய மாணவன்)

நம் கல்லூரியில் யான் தமிழ் பயின்ற காலத்து, எழுத்தைக் கூலிக்கு விற்றல் இழிவு என்னும் எண்ணம் என் உள்ளத்தில் வேரூன்றி நின்றது. கவிதை எழுதுவோர் புகழ் பெறுவர். கடைக்கு விளம்பரம் எழுதுவோர் கூலி பெறுவர். அவ்வளவே என எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்தியது நூல் எதுவுமன்று. எங்கள் கருப்பட்டிக் கடையே. அவ்வனுபவத்தை இளைய நண்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

என் தந்தையார் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டை அடுத்த ஓர் ஊரில் முப்பது ஆண்டுகளாகக் கருப்பட்டி வாணிகம் செய்பவர். பனையேறிகள் விடியலில் இறக்கும் பதநீரை, விடிலி எனப்படும் ஓலைக்குடிலில் பெண்கள் அகன்ற சட்டியிலிட்டுக் காய்ச்சுவர். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் வார்ப்பர். அதனைத் தந்தையார் நேரே கொள்முதல் செய்வார். சீனி கலந்த மலிவுச் சரக்கு சந்தையில் மிகுந்தபின் எங்கள் வாணிகம் தளர்ந்தது. ஆகவே யான் ஓர் இணையதளம் அமைத்து, வெளியூரார்க்கு அனுப்பி விற்கத் தொடங்கினேன். அதற்குரிய வாசகத்தையும் யானே எழுதினேன். படித்த தமிழையெல்லாம் கொட்டி, அடைமொழிகளை அடுக்கினேன். ஆயிரம் பேர் வந்து பார்த்தால் ஒன்பதின்மரே வாங்கினர்.

வாசகம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அமர்த்துமாறு நண்பரொருவர் கூறினார். அத்தொழிலாளரைக் காப்பிரைட்டர் என்பர். யான் மலிவை நாடினேன். ஒருவர் 3,000 ரூபாய்க்கு இசைந்தார். எம்மிடம் ஒரு வினாவும் வினவாது, இரண்டே நாளில் எழுதி அனுப்பினார். நீரிழிவு உடையோரும் எங்கள் கருப்பட்டியை அச்சமின்றி உண்ணலாம் என்பது அதன் தலைப்பு. எனக்குச் சிறிது ஐயம் எழுந்தது. ஆயினும் விற்பனை ஆயிரத்துக்கு இருபத்திரண்டாக உயர்ந்தமையால், ஐயம் அடங்கிவிட்டது. என் பிழை அதுவே.

இரண்டு திங்கள் கழிந்தபின், கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாடோறும் காப்பிக்கு எங்கள் கருப்பட்டியையே இட்டுப் பருகியதாகவும், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து மருத்துவர் கடிந்துகொண்டதாகவும் கூறினார். அவர் சினந்தாரல்லர். "தம்பி, நீங்கள் எழுதியிருந்ததை நம்பித்தான் வாங்கினேன்" என்று மட்டும் சொன்னார். கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரையே என்பதை யான் அறியாதவனல்லேன். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கூறினேன், அவர் வேண்டாமென்றார்.

அருகிருந்து கேட்ட தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "முப்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் கருப்பட்டியில் சீனி கலந்ததில்லை. நீ சொல்லில் கலந்துவிட்டாயே" என்றார். அன்றிரவே அப்பக்கத்தை நீக்கினேன். உணவுப்பொருள் விளம்பரங்களுக்கென 2018ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு விதிகள் வகுத்துள்ளது என்பதும், மக்களை மயக்கும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்பதும் பின்னரே எனக்குத் தெரிந்தன. 3,000 ரூபாய்க்கு யான் வாங்கியது எத்துணை விலையுயர்ந்த சரக்கு என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

நிற்க. இத்தொழிலின் வரலாற்றைக் கற்கலானேன். அமெரிக்க நாட்டில் கிளாட் ஹாப்கின்ஸ் என்னும் ஒருவர் இருந்தார். விளம்பரக் கலையை ஆராய்ந்து 1923இல் ஒரு நூல் வெளியிட்டவர் அவர். மில்வாக்கி நகரத்து பீர் ஆலை ஒன்றுக்கு அவர் விளம்பரம் எழுத நேர்ந்தது. பீர் நம் கல்லூரி மலருக்கு உகந்த பொருளன்று. ஆயினும் அவர் கையாண்ட முறை நமக்குப் பாடமாகும். அவர் எழுதத் தொடங்குமுன் ஆலைக்குட் புகுந்து ஒவ்வொன்றையும் கண்டார். புட்டிகளை இயந்திரத்தால் நான்கு முறை கழுவுதலையும் கண்டார். எல்லா ஆலையினரும் செய்வதுதானே என்றனர் உரிமையாளர். எல்லாரும் செய்யினும் எவரும் மக்களுக்குச் சொல்லவில்லையே என்பது அவர் கருத்து. அன்றியும், ஒவ்வொரு விளம்பரத்திலும் அடையாளமிட்ட சீட்டு ஒன்றை அச்சிட்டு, எவ்விளம்பரத்தால் எத்தனை சீட்டு திரும்பி வந்தது என எண்ணிப் பார்த்து, அதன்பின்னரே பணத்தைப் பெருகச் செலவிடும் வழக்கமும் அவர்க்கு உண்டு.

இதனைக் கற்றபின், மதுரையிலிருந்த ஓர் அம்மையாரை அணுகினேன். அவர் கேட்ட கூலி 18,000 ரூபாய். என் நெஞ்சம் திடுக்கிட்டது. ஆனால் அவர் பணம் பேசுமுன்னரே, நேரில் வந்து பார்க்கவேண்டும் என்றார். வந்து, விடிலியில் ஒரு காலைப்பொழுது முழுதும் அமர்ந்திருந்தார். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவுவது ஏன் என வினவினார். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருத்தற்பொருட்டு என்றார் பனையேறி. "ஐயா, வாங்கினவர்கள் உங்களிடம் சொல்லும் குறை என்ன?" என்று தந்தையாரை வினவினார். "மழைக்காலத்தில் கருப்பட்டி கசிகிறது என்பார்கள், அம்மா. அதன் இயல்பே அதுதான்" என்றார் தந்தையார். அம்மையார் அதனைத் தம் குறிப்பேட்டில் முதலில் எழுதிக்கொண்டார்.

அவர் எழுதித் தந்த பக்கத்தில் ஓர் அடைமொழியும் இல்லை. சுண்ணாம்பும் விடிலியும் சிரட்டையும் இருந்தன. மழைக்காலத்தில் கசியும், காற்றுப் புகாத கலத்தில் இட்டு வைக்கவும் என்றிருந்தது. இதுவும் சர்க்கரையே, நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேளாது உண்ணற்க என்றும் இருந்தது. வந்தோரில் பாதிப்பேர்க்கு என் பழைய பக்கத்தையும் பாதிப்பேர்க்குப் புதிய பக்கத்தையும் காட்டி மூன்று திங்கள் எண்ணினோம். பழையது ஆயிரத்துக்கு ஒன்பது; புதியது பதினேழு. பொய்யுரைத்த பக்கத்தின் இருபத்திரண்டை அது எட்டவில்லை என்பதையும் மறையாது கூறுதல் கடன். ஆனால் பொய்யை நம்பி வாங்கியோரில் மீண்டும் வந்தோர் மிகச் சிலர். புதிய பக்கத்தைக் கண்டு வாங்கியோர் பலர் மீண்டும் வந்தனர்.

இனி, கணக்கு. ஒரு விற்பனையில் எமக்கு நிற்கும் ஊதியம் ஏறத்தாழ 150 ரூபாய். 18,000 ரூபாய் மீள 120 விற்பனை மிகுதியாக வேண்டும். ஆயிரத்துக்கு எட்டு மிகுதியாயின் 15,000 பேர் வந்து பார்த்தல் வேண்டும். எங்கள் தளத்துக்குத் திங்கள்தோறும் 2,000 பேர் வருவர்; ஆதலின் ஏழரைத் திங்களில் கூலி மீண்டது. 200 பேரே வருவராயின் ஆறு ஆண்டுகட்கு மேலாகும். எனவே, கூட்டமில்லாத கடைக்காரர் முதலில் தாமே எளிய சொற்களால் எழுதிக்கொள்ளுதலே நன்று. ஒரே எழுத்து ஒருவர்க்கு மலிவாகவும் மற்றொருவர்க்கு மிகையாகவும் அமைவது இதனாலேயாம்.

இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறி நொடிப்பொழுதில் வாசகம் தருகின்றதே, கூலி எதற்கு என வினவலாம். யானும் அதனைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் தந்தையார் எந்த விடிலியில் கொள்முதல் செய்கிறார், வாங்கினோர் கூறும் குறை யாது என்பவற்றை அதற்கு எவரேனும் கேட்டறிந்து சொல்லல் வேண்டும். யாம் கூலி கொடுத்தது அந்தக் கேள்விகளுக்கே.

நண்பர்காள்! உங்களுள் சிலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளலாம். சிலர் இத்தொழிலாளரை அமர்த்தலாம். கூலியைப் பேசுமுன், அவர் வினவும் வினாக்களை எண்ணிப் பாருங்கள். எம் கடைக்கணக்கில் வரவும் செலவும் இன்று ஒத்து நிற்கின்றன. ஆயின் கோயம்புத்தூர் ஆசிரியை அதன்பின் எம்மிடம் எதுவும் வாங்கினாரல்லர். அதனை எந்தப் பத்தியில் எழுதுவது என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.