இரண்டு எடைகள்



அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பு நாளில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பாட்டி என்னிடம், "சார், இவள் பிறக்கும்போதே 1.9 கிலோதான். வயிற்றில் இருந்தபோது என் மருமகள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்றார். அருகில் அமர்ந்திருந்த தாய் தலைகுனிந்தார். நான் தேர்வுத் தாளைப் புரட்டியவாறு மௌனமாக இருந்துவிட்டேன்.

என் மௌனத்திற்குக் காரணம் உண்டு. என் மூத்த மகன் 4.2 கிலோ எடையுடன் பிறந்தான். உறவினர்கள் என் மனைவியைப் பாராட்டினார்கள். இளையவள் 2.1 கிலோ. அதே உறவினர்கள் குறை கூறினார்கள். நானும், "நீ இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாம்" என்றேன்.

மறுநாள் குழந்தை மருத்துவர் விளக்கிய பிறகே என் அறியாமை எனக்குப் புலப்பட்டது.

நாம் பொதுவாக வளர்ச்சி ஹார்மோன் என்று சொல்வது பிட்யூட்டரி சுரப்பியில் சுரப்பது. கருவறையில் அதற்குப் பெரிய பங்கில்லை. அது சுரக்காத குழந்தைகள்கூட ஏறத்தாழ இயல்பான அளவிலேயே பிறக்கின்றன. கருவை வளர்ப்பவை, கருவே சுரக்கும் இன்சுலினும் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும்தாம். நஞ்சுக்கொடி வழியாக வரும் சத்தின் அளவுக்கேற்ப அவை கூடும், குறையும்.

மூத்தவனைச் சுமந்தபோது என் மனைவிக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே கரு தானே மிகுதியாக இன்சுலின் சுரந்து கொழுத்தது. பிறந்தவுடன் அவனுக்குச் சர்க்கரை இறங்கியதால் குதிகாலில் குத்திக் குத்திச் சோதித்தார்கள். இளையவளைச் சுமந்தபோது என் மனைவிக்கு உயர் இரத்த அழுத்தம். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் போதிய அளவு செல்லவில்லை; எத்தனை வேளை உண்டிருந்தாலும் அந்தக் குறை தீர்ந்திராது. பாராட்டப்பட்டதும் நோயின் விளைவே. பழிக்கப்பட்டதும் நோயின் விளைவே.

தாயின் உணவு முக்கியமன்று என நான் கூறவில்லை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கருவைப் பாதிக்கவே செய்யும். ஆயினும், 2.5 கிலோவுக்குக் குறைவான ஒவ்வொரு பிறப்பிற்கும் தாயின் தட்டைக் காரணம் காட்டுவது அநீதி.

பெற்றோர்களே, சிறியதாகப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதிற்குள் மற்றவர்களை எட்டிவிடுகின்றனர். எட்டாத குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்படுவோருக்குச் சிகிச்சை உண்டு. உணவைத் திணித்துக் கொழுக்க வைக்காதீர்கள். அது பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிவகுக்கலாம். கர்ப்பகால நீரிழிவு கண்ட தாய்மார்கள், பிரசவத்திற்குப் பின்னரும் இரத்தச் சர்க்கரையைத் தவறாமல் சோதித்து வாருங்கள்.

மறுவாரம் அந்தத் தாயையும் பாட்டியையும் பள்ளிக்கு அழைத்து இவற்றையெல்லாம் கூறினேன். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளின் கையைப் பற்றிக்கொண்டார்.

அன்றிரவு நானும் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். மகளுக்கு இப்போது பதினான்கு வயது. என் மன்னிப்புக்கும் அத்தனை வயதுத் தாமதம்.