இழைப்பு யந்திரம் வாங்கிய கதை

நம் வீட்டுப் புழக்கடையில் ஒரு மாட்டுக் கொட்டில் இருக்கிறது. மாடு போய்ப் பல வருஷங்களாகின்றன. கொட்டில் மட்டும் சும்மா கிடப்பானேன் என்று அதில் சிறிய தச்சுப் பட்டறை ஒன்று வைத்துக்கொண்டோம். உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கைத்தொழிலின் மேன்மையைப் பற்றி இத்தனை காலமாகப் பேனாவினால் எழுதி வந்தாயிற்று. கையினாலும் கொஞ்சம் செய்து பார்த்தால் குடியா முழுகிவிடும்?

இந்தச் சமயத்தில் பூர்வீக வீட்டைப் பிரித்தார்கள். நான்கு தேக்கு நிலைகள் நம் பங்குக்கு வந்தன. அவற்றைக் கொண்டு பேரனுக்கு ஒரு படிக்கும் மேஜை செய்து தருவதாக வாக்களித்துவிட்டோம். ஒரு நிலையின் ஒரு பக்கத்தைக் கையால் இழைத்துச் சமன் செய்வதற்கு மூன்று நாள் ஆயிற்று. அதன் பிறகு முதுகைச் சமன் செய்வதற்கு ஐந்து நாள் ஆயிற்று.

"இந்த வேகத்தில் போனால் பையன் பி. ஏ. பாஸ் செய்த பிறகுதான் மேஜை வரும் போலிருக்கிறதே!" என்றாள் நம் சகதர்மிணி.

ஆகவே ஓர் இழைப்பு யந்திரம் வாங்குவதென்று முடிவாயிற்று. புதிய யந்திரத்தின் விலையைக் கேட்டதும், கொட்டிலில் மறுபடியும் மாடே கட்டிவிடலாமா என்று தோன்றியது. பழைய யந்திரமாகப் பார்க்கலாம் என்று கோயமுத்தூருக்குப் புறப்பட்டோம். 1937-ம் வருஷத்திலேயே பாலசுந்தரம் நாயுடுவும் ஜி. டி. நாயுடுவும் உள்நாட்டில் மின்சார மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. அங்கே பழைய யந்திரத்துக்கா பஞ்சம்?

ஊருக்குச் சற்று வெளியே ஒரு மூடிய பட்டறையில், முதிய ஆசாரியார் ஒருவர் தம் யந்திரத்தை விற்க இருந்தார். பிள்ளைகள் வேறு உத்தியோகங்களுக்குப் போய்விட்டார்கள். பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டாராம். ஒன்பது அங்குல அகலம் இழைக்கக்கூடிய வார்ப்பிரும்பு யந்திரம். மேலெல்லாம் துரு.

ஆசாரியார் பதினாறாயிரம் ரூபாய் கேட்டார். நாம் துருவைச் சுட்டிக்காட்டினோம். வர்ணம் உதிர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினோம். பெல்ட்டு நைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினோம். பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கி வந்தார். நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டிருக்கையில், அவர் மெதுவாகச் சொன்னார்:

"ஏனுங்க, துருவைப் பார்த்துப் பேரம் பேசறீங்களே, விரிசலைப் பாக்கலீங்களா?"

ஒரு சிறு சுத்தியலை எடுத்து யந்திரத்தின் மேஜையைத் தட்டினார். 'கண்' என்று மணிபோல் ஒலித்தது. பலகையை அணைத்துப் பிடிக்கும் சட்டத்தின் தாங்கியைத் தட்டினார். ஓட்டைப் பானையைத் தட்டியது போல் இருந்தது. எண்ணெய் அழுக்குக்கு அடியில் மயிரிழை போல் ஒரு விரிசல்!

"இதுக்கு ஆயிரம் குறைச்சுக்கோங்க" என்று அவரே சொன்னார். பிறகு, கத்திகள் பொருத்திய உருளையைக் கையால் சுற்றிக் காட்டினார். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டால் பேரிங் போயிற்று என்று அர்த்தம். முன் மேஜைக்கும் பின் மேஜைக்கும் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னார். அடித்தளம் உடைந்தாலும் மேஜை கோணினாலும்தான் யந்திரத்துக்கு மரணம். துரு, பெல்ட்டு, கத்தி, பேரிங் எல்லாம் காய்ச்சல் தலைவலி போன்றவை. நாம் பேரம் பேசியதெல்லாம் தலைவலிக்குத்தான் என்று விளங்கியது.

பணத்தை வாங்கிக்கொள்ள இடது கையை நீட்டப் போனவர், சட்டென்று அதை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். அந்த ஒரு கணத்தில் கண்டுவிட்டோம். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

யந்திரத்தை வண்டியில் ஏற்றிய பிறகு, சுவரிலிருந்த ஓர் ஆணியிலிருந்து எதையோ கழற்றிக் கொண்டுவந்தார். கத்தி உருளையை மறைக்கும் மூடி அது. பலகை வரும்போது ஒதுங்கி வழிவிட்டு, பலகை போனதும் வில்லின் விசையால் தானே திரும்பி வந்து கத்தியை மூடிக்கொள்ளும். யந்திரமெல்லாம் துருப்பிடித்திருக்க, இது மட்டும் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது.

"அவசர வேலைன்னு ஒரு நாள் இதைக் கழட்டி மாட்டினேனுங்க. யந்திரத்துக்குத்தான் காசு வாங்கினேன். இதுக்கு வேண்டாம். கழட்டாம வெச்சுக்கோங்க" என்றார்.

ஊர் திரும்பியதும் வைத்தியம் ஆரம்பமாயிற்று. விரிசல் விட்ட தாங்கிக்குப் பதிலாக ஒரு பட்டறையில் புதிதாக எஃகுத் தாங்கி செய்து வாங்கினோம். துருவை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துச் சுரண்டினோம். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். ஆகையால் உலர்ந்தபடி தேய்க்காமல், ஈரமாகவே சுரண்டிக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்தினோம். பேரிங்கின் விளிம்பில் 6205 என்று எண் தெரிந்தது. அது பெரிய மந்திரம். எந்தத் தேசத்தில் செய்தாலும் 6205 என்றால் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, கனம் 15. எண்ணைச் சொன்னால் கடைக்காரர் வேறு கேள்வி கேட்பதில்லை. ஆனால் அதைத் தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில்தான் தட்டவேண்டும். நாம் வெளி வளையத்தில் தட்டினோம். அடி முழுவதும் உள்ளே இருந்த குண்டுகளின்மேல் விழுந்து, புதிய பேரிங் பழைய பேரிங்காயிற்று. மறுபடியும் கடைக்குப் போனோம்.

மோட்டார் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடுவது. 415 வோல்ட் வேண்டும். நம் வீட்டில் இருப்பதோ ஒரு பேஸ், 230 வோல்ட். காயில் கட்டும் கடையில் அதைக் கொடுத்துவிட்டு, வீட்டு மின்சாரத்தில் ஓடும் வேறொரு மோட்டாரை வாங்கி வந்தோம். அது நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும். மோட்டாரில் ஆறு அங்குலப் புல்லியும் உருளையில் இரண்டு அங்குலப் புல்லியும் இருப்பதால், உருளை 4,320 சுற்றுச் சுற்றும்.

எல்லாவற்றிலும் கடினமான வேலை மூன்று கத்திகளையும் ஒரே உயரத்தில் பொருத்துவது. ஒன்று மயிரளவு தூக்கலாக இருந்தாலும் வேலை முழுவதும் அதன் தலையில் விழும்; பலகையில் அலை அலையாகத் தடம் விழும். பின் மேஜையின்மேல் ஒரு நேரான மரச் சட்டத்தை வைத்து, உருளையைக் கையால் சுற்றினோம். ஒவ்வொரு கத்தியும் அந்தச் சட்டத்தை ஒரே தூரம், அதாவது மூன்று மில்லிமீட்டர் நகர்த்தும்வரை விடவில்லை. அரை நாள் ஆயிற்று.

மறுநாள் காலை விசையைப் போட்டோம். தேக்கு நிலையிலிருந்த ஆணிகளையெல்லாம் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கி, அதை உள்ளே செலுத்தினோம். நூறு வருஷத்து அழுக்கு சருகாகப் பறந்தது. உள்ளேயிருந்து பொன்னிறமும் தேக்கின் வாசனையும் புறப்பட்டன. வீடே கொட்டிலில் கூடிவிட்டது. நம் பெருமையைக் கேட்கவேண்டுமா?

கூட்டத்தில் நம் சகதர்மிணி மட்டும் மரத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கே ஆணியில் ஒன்று தொங்குகிறதே, அது எதற்கு?" என்றாள்.

நமக்கு உடல் ஒரு முறை குலுங்கிற்று. மூடியின் வில் சற்று முரண்டு செய்தது. முதல் நாள் ஒரு தடவை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று, அதை நாமே ஆணியில் மாட்டியிருந்தோம். ஆசாரியாரின் பட்டறையில் தொங்கிய அதே மாதிரி!

விசையை நிறுத்தினோம். உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். நிமிஷத்துக்கு 4,320 சுற்று, மூன்று கத்தி, 12,960 வெட்டு. ஒரு விநாடிக்கு 216. 'ஐயோ!' என்று கையை இழுத்துக்கொள்வதற்குள் எத்தனை வெட்டு விழும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆசாரியார் ஆயுள் முழுவதும் அந்தத் தொழிலில் பழகியவர். நாமோ நேற்றுப் பேரிங்கைத் தப்பாகத் தட்டியவர்.

காந்திஜி யந்திரங்களுக்கு விரோதி என்று பலர் நினைக்கிறார்கள். 1924-ல் இதைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்டபோது, யந்திர மோகத்தைத்தான் தாம் எதிர்ப்பதாக அவர் விளக்கினார். யந்திரம் மனிதனுடைய அங்கங்களைச் சூம்பச் செய்துவிடக் கூடாது என்றார். தையல் யந்திரத்தை நல்ல யந்திரத்துக்கு உதாரணமாகக் காட்டினார். இதை நாம் மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். சுதேசிப் பட்டறையில் உருவான ஒரு யந்திரத்தைப் பழைய இரும்பாகப் போகவிடாமல் காப்பாற்றினோம் என்று மார் தட்டிக்கொள்ளவும் ஆயத்தமாயிருந்தோம். ஆனால் யந்திரத்தைக் காப்பாற்றிய அவசரத்தில், அதை நடத்தும் கையை மறந்துபோனோம்.

அன்று மாலைவரை வில்லைச் சீர்செய்து, மூடியை மாட்டிய பிறகே மறுபடி விசையைத் தொட்டோம். இப்போது கொட்டிலில் சில சட்டங்கள் அமலில் இருக்கின்றன. மேல்துண்டுடன் யந்திரத்தின் அருகில் போகக் கூடாது. ஓர் அடிக்குக் குறைந்த துண்டை யந்திரத்தில் விடக் கூடாது. அதற்குக் கை இழைப்புளி இருக்கிறது. பலகையைத் தள்ளத் தள்ளுகட்டைதான், விரல் அல்ல. பேரன் கோடு தாண்டி வரக் கூடாது.

மேஜை முடிந்துவிட்டது. ஒரு கால் சற்றுக் குட்டை; அடியில் அட்டை வைத்திருக்கிறோம். சென்ற தை மாதத்தில் ஆசாரியார் ஒரு கல்யாணத்துக்காக நம் ஊருக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். மேஜையைக் காட்ட அழைத்தோம். அவர் நேரே கொட்டிலுக்குள் போனார். மீதி விரல்களால் மூடியைத் தள்ளிப் பார்த்தார். அது ஒதுங்கி, 'டக்' என்று திரும்பி வந்து கத்தியை மூடிக்கொண்டது.

"சரிங்க" என்றார். அதன் பிறகுதான் காபி சாப்பிட உட்கார்ந்தார்.