வானூர்தி விட்ட மாப்பிள்ளையும் வந்து நின்ற காவலரும்

நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ்காரர் ஒருவர் இரண்டு நிமிடம் நின்றுவிட்டால் போதும். பொழுது சாய்வதற்குள் அச்செய்தி தெருக்கோடிவரை சென்றுவிடும். “என்ன குற்றமாம்?” என்று கேட்பவரே பலர். அவர் வழி கேட்டு வந்திருக்கலாம், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்திருக்கலாம் என்று எண்ணுவார் ஒருவரும் இரார். சீருடையைக் கண்டால் ஒதுங்கி நிற்பது நம்மிடையே தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். ஆகவே, காவலரும் குடிமகனும் ஒரு விளையாட்டுப் பொருளைச் சுற்றி நின்று, ஒருவர் பேச்சை ஒருவர் பொறுமையாகக் கேட்டு, கைகுலுக்கிப் பிரிந்த நிகழ்ச்சியை நேரில் கண்டது எனக்குப் புதுமையாக இருந்தது. வாசகக் குடும்பங்களுக்கும் அது பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் மாப்பிள்ளை கணிப்பொறித் துறையில் பணியாற்றுபவர், அதிகம் பேசாதவர். வாரம் முழுவதும் திரையைப் பார்த்துக் களைத்த கண்களுக்கு அவர் தேடிக்கொண்ட மருந்து ஒரு ட்ரோன். மணவீடுகளிலும் திருவிழாக்களிலும் நம் தலைக்கு மேலே வண்டுபோல ரீங்காரமிட்டுப் படம் பிடிக்கிறதே, நான்கு விசிறிகள் கொண்ட அந்த ஆளில்லாச் சிறு வானூர்திதான். சனிக்கிழமைதோறும் ஊர் எல்லையில் உள்ள தம் நண்பரின் வெற்று நிலத்திற்குச் சென்று, அவருடைய அனுமதியோடு அதனைப் பறக்கவிடுவார். இலையுதிர்காலத்து மரங்கள் மேலிருந்து பார்க்கும்போது எவ்வளவு அழகு என்பதை அவர் கைத்திரையில் பார்த்துத்தான் நான் அறிந்தேன்.

அந்நாட்டில் பொழுதுபோக்குக்காக ட்ரோன் விடுவோருக்கும் விதிகள் உண்டு. 250 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளதாயின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் பதிவு செய்யவேண்டும். கட்டணம் 5 டாலர். மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவு எண் கருவியின் வெளிப்புறத்தில் தெரியும்படி இருத்தல் வேண்டும். ‘ட்ரஸ்ட்’ என்னும் கட்டணமில்லாத் தேர்வு ஒன்றை எழுதி, அதன் சான்றிதழைப் பறக்கவிடும்போது கையில் வைத்திருத்தல் வேண்டும். கட்டுப்பாடற்ற வான்பகுதியில் 400 அடிக்கு மேல் எழலாகாது; கண்பார்வைக்கு அப்பால் செல்லலாகாது. பதிவு செய்யவேண்டிய கருவிகள் பறக்கும்போதே தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோ அலை வழியே அறிவித்துக்கொண்டிருக்கவேண்டும் என்ற விதியும் 2024 மார்ச் 16 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. இவை அனைத்தையும் மாப்பிள்ளை பள்ளி மாணவனைப்போல நிறைவேற்றி வைத்திருந்தார்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழக்கூடும். என் வீட்டுக்கு மேலே உள்ள வானம் என்னுடையது அன்றோ? அதில் அயலான் ஒருவன் பொறியைப் பறக்கவிடலாமா? இந்த ஐயம் ட்ரோனுக்கு மிகவும் முந்தியது. வட கரோலினா மாநிலத்தில் ஒரு விமான நிலையத்தின் அருகே கோழிப்பண்ணை வைத்திருந்த விவசாயி ஒருவர் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம்வரை சென்றார். உலகப் போர்க்காலத்தில் இராணுவ விமானங்கள் அவர் நிலத்திற்கு 83 அடி உயரத்தில் பறந்துசென்றன. இரைச்சலுக்கு அஞ்சிய கோழிகள் சுவரில் மோதி மாண்டன. இறந்தவை ஏறத்தாழ 150. 1946இல் தீர்ப்பு வந்தது. நிலத்தின் உரிமை வானத்தின் எல்லைவரை நீளும் என்ற பழைய கொள்கை இக்காலத்திற்குப் பொருந்தாது என்றனர் நீதிபதிகள். ஆயினும், நிலத்தைப் பயன்படுத்தவே இயலாதபடி அவ்வளவு தாழ்வாகப் பறந்தால் உரியவருக்கு ஈடு தரவேண்டும் என்றும் தீர்த்தனர். வானம் பொது, ஆனால் கூரையை ஒட்டிய காற்று முற்றிலும் பொதுவன்று. இவ்விரண்டிற்கும் இடையே கோடு எங்கே என்பது இன்றுவரை தெளிவாக வரையப்படவில்லை. அந்தத் தெளிவின்மையில்தான் அண்டை வீட்டார் சச்சரவுகள் பிறக்கின்றன. 2015ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் ஒருவர் தம் வீட்டுக்கு மேல் வந்த ட்ரோனைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திக் கைதானார். பின்னர் உள்ளூர் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். எனினும், ட்ரோனும் விமானமே என்பதால் அதனைச் சுடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகும்.

காவலர் நிலையும் இதில் எளிதன்று. வான்வெளியை ஆள்வது கூட்டாட்சி நிர்வாகம். உள்ளூர்க் காவல்துறை அன்று. ஆனால் மக்கள் தொலைபேசியில் அழைப்பதோ உள்ளூர்க் காவலரைத்தான். ஆகவே அந்நிர்வாகம் காவலருக்குச் சில வழிமுறைகளைச் சொல்லி வைத்திருக்கிறது: முதலில் ட்ரோனை இயக்குபவரைக் கண்டுபிடிக்க வேண்டும், ட்ரோனைப் பார்வையிலிருந்து தவறவிடாது இருக்கவேண்டும், அதன் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளவேண்டும், தவறு இருப்பின் நிர்வாகத்திற்கு அறிவிக்கவேண்டும், அத்துமீறி நுழைதல், பிறர் அந்தரங்கத்தில் தலையிடுதல் போன்ற உள்ளூர்க் குற்றம் நேர்ந்திருந்தால் அதற்கேற்பச் செயற்படவேண்டும்.

நான் சென்ற சில வாரங்களில், நவம்பர் நடுப்பகுதியில், நியூ ஜெர்சியில் ஒரு விந்தையான அச்சம் பரவிற்று. இரவில் வானத்தில் இனந்தெரியாத ஒளிகள் பறப்பதாகச் சொன்னார்கள். அந்நிய நாட்டு உளவு என்றார் ஒருவர். காணாமற்போன அணுப்பொருளைத் தேடுகிறார்கள் என்றார் இன்னொருவர். தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. என் மகள் கலங்கிப்போனாள்.

“கொஞ்ச நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று இவரிடம் நீங்களாவது சொல்லுங்களப்பா” என்றாள் என்னிடம்.

அவள் கலக்கத்திற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வேலை விசாவில் இருப்பவர். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பல்லாண்டுகளாக வரிசையில் நிற்பவர். குழந்தைகள் பிறந்து வளரும் ஊர் அது. ஒரு புகார், காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு வரி, அதனால் எல்லாம் கெட்டுவிடுமோ என்ற பயம் அவளை உறங்கவிடவில்லை. மாநிறத்து மனிதர் ஒருவர், வெட்டவெளியில், வானத்தைப் பார்த்துக்கொண்டு கையில் கருவியோடு நிற்கிறார் என்றால், அந்த நாட்களில் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று அவள் கேட்டபோது என்னாலும் விடை சொல்ல இயலவில்லை.

மாப்பிள்ளை அமைதியாகச் சொன்னார்: “மாமா, விதிப்படி நடக்கிறவன் ஒளிந்துகொண்டால், விதியை மீறினவன் என்றுதானே நினைப்பார்கள்? பகலில், எல்லாரும் பார்க்கவே விடுகிறேன். யாராவது வந்து கேட்டால் பதில் சொல்கிறேன்.”

டிசம்பர் முதல் வாரத்துச் சனிக்கிழமை. பனி இல்லை; கடுங்குளிர் மட்டும். நானும் உடன் சென்றிருந்தேன். ட்ரோன் மேலெழுந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். சாலையோரத்தில் காவல் வாகனம் ஒன்று வந்து நின்றது. இளவயதுக் காவலர் ஒருவர் இறங்கி எங்களை நோக்கி நடந்தார். என் முழங்கால் சற்றே நடுங்கிற்று என்பதை மறைப்பானேன்?

மாப்பிள்ளை கருவியிலிருந்து கையை எடுக்கவில்லை. வணக்கம் கூறி, “ஐயா, இது பறந்துகொண்டிருக்கிறது, பத்திரமாக இறக்க இரண்டு நிமிடம் தாருங்கள், பிறகு எல்லாவற்றையும் காட்டுகிறேன்” என்றார். காவலரும் தலையசைத்துச் சற்றுத் தள்ளி நின்றார். பறப்பவனின் கவனத்தைக் கலைத்தால் கீழே நிற்பவர்களுக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ட்ரோன் தரையைத் தொட்டு விசிறிகள் ஓய்ந்த பின்னரே அருகே வந்தார். பதிவு எண்ணைப் பார்த்தார். கைப்பேசியில் இருந்த பதிவுச் சான்றையும் தேர்வுச் சான்றையும் பார்த்தார். நிலம் யாருடையது என்று கேட்டார். சொந்தக்காரரின் எண்ணை மாப்பிள்ளை கொடுத்தார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் மாமனார் என்று அறிந்ததும் கைகுலுக்கி, குளிர் எப்படி இருக்கிறது என்று வினவினார்.

அவர் அத்துடன் போயிருக்கலாம், கடமை முடிந்துவிட்டது. ஆனால் அவர் போகவில்லை. நிலத்தின் மறுகோடியில் தனித்திருந்த வீட்டைச் சுட்டி, அங்கே வசிக்கும் மூதாட்டியார்தாம் அழைத்தார் என்றும், அவர் மிகவும் அஞ்சியிருக்கிறார் என்றும் கூறி, விருப்பமிருந்தால் அவருக்கு இதனைக் காட்ட இயலுமா என்று கேட்டார். கட்டளையாக அன்று, வேண்டுகோளாகவே கேட்டார். மாப்பிள்ளை மகிழ்வோடு இசைந்தார்.

காவலர் சென்று அவ்வம்மையாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எண்பதை எட்டியவர், கனத்த மேலங்கி, முகத்தில் சினத்தைவிட அச்சமே மிகுதி. மாப்பிள்ளை ட்ரோனை எங்கள் தலைக்கு நேர் மேலே 200 அடிக்கு உயர்த்தி, திரையை அவரிடம் நீட்டினார். அம்மையார் தம் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. தீப்பெட்டி போன்ற கூரை. அதன் அருகே ஒரு புள்ளி, அவருடைய கார். படுக்கையறைச் சன்னல் எங்கே என்று கேட்டார். கூரை மட்டுமே தெரிந்தது. நீண்ட மூச்சு ஒன்று விட்டார். பிறகுதான் சொன்னார்: கணவர் சென்ற குளிர்காலத்தில் காலமானார், அதுமுதல் தனியே இருக்கிறார், இரவில் தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டபின் உறக்கம் வருவதில்லை.

மாப்பிள்ளை தம் தொலைபேசி எண்ணைத் தாளில் பெரிய எழுத்தில் எழ்திக் கொடுத்து, “எந்த நேரத்தில் என்ன ஒளி தெரிந்தாலும் என்னையே அழையுங்கள்” என்றார். காவலர் புன்னகையோடு விடைபெற்றார். பதிவேட்டில் குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. அன்றிரவு என் மகள் நிம்மதியாக உறங்கினாள்.

டிசம்பர் 16ஆம் நாள் கூட்டாட்சி அரசின் நான்கு துறைகள் கூட்டறிக்கை விடுத்தன. 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்ததில் மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவை சுமார் 100 மட்டுமே. மக்கள் கண்டவை முறைப்படி இயங்கிய ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், விண்மீன்கள் ஆகியவையே என்றது அவ்வறிக்கை. இரு நாள் கழித்து அம்மாநிலத்தின் 22 பகுதிகளில் ட்ரோன் பறக்கத் தற்காலிகத் தடையும் வந்தது. எங்கள் ஊர் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் மாப்பிள்ளை புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்துக்கொண்டார். ட்ரோன் என்று எண்ணி விமானங்களின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சவேண்டாம், சுடவேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்கும் அளவுக்குப் பீதி இருந்தது. 2025 ஜனவரி இறுதியில், பறந்தவற்றுள் பெரும்பாலானவை நிர்வாகத்தின் அனுமதி பெற்றவையே என்று வெள்ளை மாளிகையும் அறிவித்தது.

இதற்கிடையே, கிறிஸ்துமசுக்கு முந்திய ஒரு மாலையில் தொலைபேசி ஒலித்தது. அம்மையார்தாம். தென்மேற்கே பெரிய ஒளி ஒன்று அசையாமல் நிற்கிறது, அது உங்களுடையதா என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வெளியே சென்று பார்த்தேன். பல்லாண்டு மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டிய பழைய நண்பர்தான்: வெள்ளிக் கோள். அந்த டிசம்பரில் மாலை வானில் மிகுந்த ஒளியுடன் விளங்கிற்று. மாப்பிள்ளை அதனை எடுத்துரைக்க, மறுமுனையில் அம்மையார் சிரித்தது எனக்கும் கேட்டது. முன்பாயின் அந்த அழைப்பு காவல் நிலையத்திற்குச் சென்றிருக்கும்.

காவலரெல்லாரும் இவரைப்போல இருப்பார் என்று நான் சொல்லவில்லை; ட்ரோன் வைத்திருப்போரெல்லாரும் என் மாப்பிள்ளையைப்போல ஒழுங்கானவர் என்றும் சொல்லவில்லை. அன்றைய சந்திப்பு இனிதாக முடிந்ததற்குக் காரணம் மூன்று. ஒன்று, கேட்கப்படுமுன்பே காகிதங்கள் ஒழுங்காக இருந்தன. இரண்டு, வந்தவர் குற்றவாளியைத் தேடி வராமல் விவரம் கேட்க வந்தார். மூன்று, புகார் செய்தவரை இருவருமே பகைவராகக் கருதவில்லை. இம்மூன்றாவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். சட்டப்படி அவர்கள் அம்மையாருக்குக் காட்டவேண்டியது ஒன்றுமில்லை.

நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நடைமுறையில் உள்ளன. பசுமை மண்டலங்களில் 400 அடிவரை பறக்கலாம். 250 கிராமுக்கு மேற்படாதவற்றை இயக்கத் தனி ஓட்டுநர் சான்று தேவையில்லை. தேவை ஏற்படின் காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை 96 மணி நேரம்வரை தற்காலிகத் தடைப்பகுதியாக அறிவிக்கலாம். ஆகவே, திருமணத்திற்கோ ஊர்த் திருவிழாவிற்கோ ட்ரோன் ஏற்பாடு செய்யும் பெற்றோர், வரைபடத்தில் அந்த இடத்தின் மண்டலம் எது என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திற்கு ஒருமுறை நேரில் சென்று சொல்லிவிட்டு வாருங்கள். அதைவிட முக்கியமாக, பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் பாட்டியிடம் முதல் நாளே சொல்லுங்கள்; முடிந்தால் பறக்கும்போது அவரையும் அழைத்துத் திரையைக் காட்டுங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை. எந்தச் சான்றிதழும் தேவையில்லை.